குழந்தைக்கு நெஞ்சுச் சளி: தாய்ப்பாலை நிறுத்தணுமா? தேஹு ரோடு தமிழ் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு. ரெண்டு நாளைக்குப் பால் குடுக்காதே, தானா சரியாப் போயிடும்."

புனே பக்கத்தில் தேஹு ரோட்டில், ஐந்து மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கர்ர் கர்ரென்று சத்தம் வரும் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவிடம் இப்படிச் சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. ஊரிலிருந்து போனில் அம்மா, எதிர் வீட்டு அத்தை, சில நேரம் மெடிக்கல் கடைக்காரர்கூட. எல்லாரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மா நீங்களாக இருந்தால், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: பாலை நிறுத்தாதீர்கள். சளி பிடித்த குழந்தைக்கு தாய்ப்பால் வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்படும் நேரம் அது. அந்த வீட்டில் நிறுத்த வேண்டிய வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. அதற்கு வருவோம்.

தேஹு ரோடு என்றதும் சிலர் துக்காராம் மகராஜ் பிறந்த தேஹு என்று நினைத்துக்கொள்வார்கள். அது சில கிலோமீட்டர் தள்ளி, இந்திராயணி ஆற்றங்கரையில் இருக்கிறது. தேஹு ரோடு ராணுவத் தளவாடக் கிடங்கைச் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட் ஊர். கிடங்கிலும் படைக்கலத் தொழிற்சாலையிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. ஊரின் நடுவே பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை. அந்தப் பக்கம் பிம்ப்ரி–சிஞ்ச்வட், இந்தப் பக்கம் தளேகாவ், சற்றுத் தள்ளி சாக்கன். லாரிப் புகைக்கும் புழுதிக்கும் குறைவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம், நவம்பரிலிருந்து காலைக் குளிர். தமிழ்நாட்டு வெயிலில் பிறந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாய்வீட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்படும் குழந்தைக்கு முதல் சளி பெரும்பாலும் இங்கேதான் பிடிக்கிறது. உடனே "தண்ணி ஒத்துக்கல", "பால் குளிர்ச்சி" என்று பேச்சு ஆரம்பிக்கிறது.

பாலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய பேர் நினைப்பது, குடிக்கிற பால் போய் நெஞ்சில் சளியாகத் தேங்குகிறது என்று. பால் போகும் பாதை உணவுக்குழாய். சளி உருவாகும் இடம் மூக்கும் மூச்சுக்குழாயும். கிருமி வந்தால் அந்தக் குழாய்களின் உட்சுவர் தானே சளியைச் சுரக்கிறது. பால் குடித்ததும் கர்ர் சத்தம் அதிகமாகக் கேட்பதற்குக் காரணம், மூக்கு அடைத்திருக்கும்போது வாயும் பாலுக்கு வேலை செய்வதால் மூச்சு தடுமாறுவதுதான்.

தாய்ப்பால் செய்வது இதற்கு நேர் எதிர். நீங்களும் குழந்தையும் ஒரே அறைக் காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள். அந்த வீட்டில், அந்தத் தெருவில் சுற்றும் கிருமிகளை உங்கள் உடல் அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. அதில் ஐ.ஜி.ஏ. என்ற வகை பாலில் கலந்து வருகிறது. குழந்தை குடிக்கும்போது அது தொண்டை, குடல் சுவர்களின் மேல் ஒரு பூச்சுபோலப் படிந்து, கிருமி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. லாக்டோஃபெரின் என்ற புரதம் கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டப்பா பாலில் எல்லா வீட்டுக்கும் ஒரே கலவை. உங்கள் பாலில் இருப்பது தேஹு ரோட்டின் அந்த வாரத்துக் கிருமிக்கு எதிரானது.

எந்த அளவுக்குப் பாதுகாப்பு?

பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் நடந்து, 1999-ல் வெளியான ஆய்வு இதில் பலரும் மேற்கோள் காட்டுவது. டப்பா பால் சேர்க்காமல் தாய்ப்பால் குடித்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகள் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது சுமார் 17 மடங்கு அதிகம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 61 மடங்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கட்டுரை வரிசை, மூச்சுத் தொற்றுகளில் மூன்றில் ஒரு பங்கை தாய்ப்பாலால் தவிர்க்க முடியும் என்று கணக்கிட்டது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போகும் மூச்சுத் தொற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெலாரஸ் நாட்டில் 1996–97-ல் 17,000-க்கும் மேற்பட்ட தாய்–சேய்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தாய்ப்பால் ஊக்குவிப்பு நடந்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் தோல் அரிப்பும் குறைந்தன. மூச்சுத் தொற்றில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அங்கே இரண்டு பிரிவிலும் எல்லாக் குழந்தைகளுமே தாய்ப்பாலில் ஆரம்பித்தவர்கள். எவ்வளவு நாள், எவ்வளவு முழுமையாக என்பதில்தான் வேறுபாடு. ஆகவே, தாய்ப்பால் கொடுத்தால் சளியே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவைகூடப் பிடிக்கும். பிடித்த சளி நிமோனியாவாக முற்றும் வாய்ப்பு குறைகிறது என்பதே இதில் உள்ள விஷயம். குழந்தைகளின் உயிரை அதிகம் பறிக்கும் தொற்று நிமோனியா. யுனிசெஃப் கணக்கில், உலகில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆஸ்துமா வராமல் தடுக்குமா என்ற கேள்விக்கும் பதில் இதே மாதிரிதான். முதல் இரண்டு மூன்று வருடத்தில் வரும் இழுப்பு, வீசிங் குறைவதற்கு ஆதாரம் இருக்கிறது. பள்ளி வயது ஆஸ்துமாவில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

அம்மாவுக்கே சளி, காய்ச்சல்னா?

கொடுங்கள். சாதாரண சளி, ஃப்ளு, கோவிட் எதுவானாலும் கிருமி பரவுவது இருமலிலும் தும்மலிலும் கையிலும்தான், பால் வழியாக அல்ல. உங்களுக்கு மூக்கு ஒழுக ஆரம்பிக்கும் முன்பே கிருமி குழந்தையிடம் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது பாலை நிறுத்தினால், கிருமி மட்டும் போய், எதிர்ப்புப் புரதம் போகாமல் நின்றுவிடும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூக்குவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதை நாலு நாள் தள்ளிப்போடுங்கள். எழுந்து உட்கார முடியாத அளவுக்குக் காய்ச்சல் என்றால் பாலைப் பிழிந்து வேறொருவர் பாலாடையில் புகட்டலாம்.

காசநோய் இருக்கும் அம்மாவும் மருந்து எடுத்துக்கொண்டே, மாஸ்க் போட்டுக் கொடுக்கலாம். குழந்தைக்குத் தனியாகத் தடுப்பு மருந்து தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்வார். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் போன்ற மிகச் சிலர்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

'குளிர்ச்சி'ப் பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, கீரை எதையும் அம்மா தொடக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, குளித்தால் பிள்ளைக்குச் சளி என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்ட தயிரின் குளிர்ச்சி பாலில் இறங்குவதில்லை. பால் உங்கள் உடல் சூட்டிலேயே வருகிறது. இந்தப் பத்தியத்தால் மெலிவது நீங்கள்தான். மாமியாரிடம் வாக்குவாதம் வேண்டாம் என்றால், "டாக்டர் சாப்பிடச் சொன்னாங்க அத்தை" என்று டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

மூக்கு அடைச்சு பால் குடிக்க மாட்டேங்குதே?

இதுதான் உண்மையான சிக்கல். சிறு குழந்தை மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே குடிக்கும். மூக்கு அடைத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, விட்டுவிட்டு அழும். "பாலே வேணாங்குது" என்று நினைத்து பாட்டிலுக்கு மாறுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. மெடிக்கல் கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து, சலைன் நேசல் டிராப்ஸ் கிடைக்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு மூக்கிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, இளகிய சளியை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, வழக்கமான நேரத்துக்குக் காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். சளி இளகத் தேவையான நீர் பாலிலேயே இருக்கிறது.

சரி, எதைத்தான் நிறுத்துவது? முதலில் புகையை

தமிழ் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி. மராட்டி வீட்டிலும் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. பிரசவித்த அம்மாவையும் குழந்தையையும் கரி நெருப்புச் சட்டி அருகே வைத்துச் சூடு காட்டும் 'சேக்–சேக்டி', ஓமமும் பூண்டுத் தோலும் போட்டுக் காட்டும் 'துரி'. தேஹு ரோட்டில் தமிழ்ப் பாட்டியும் பக்கத்து வீட்டு ஆஜியும் எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போக மாட்டார்கள், இந்த ஒன்றில் கைகோத்துக்கொள்வார்கள். வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, ஒரு நிமிடத்தில் பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு தடவை மூச்சு விடுகிறது. பெரியவருக்கு ஒரு இருமல் வரவைக்கும் புகை, ஏற்கெனவே சளி இருக்கும் குழந்தையைத் திணறவைக்கும். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் சேரும். தலை காயத்தானே சாம்பிராணி? துண்டால் ஒற்றி எடுத்துக் குல்லா போட்டாலே போதும்.

கொசுவர்த்தியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சீனா, மலேசியாவில் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று சொன்னது. ராத்திரி முழுக்க, ஜன்னல் சாத்திய அறையில், கட்டிலுக்கு அடியில் அது எரிகிறது. கொசுவலை வாங்குங்கள். சந்தையில் குழந்தைக்கென்றே குடை மாதிரி மடக்கும் வலை கிடைக்கிறது.

தீபாவளி இங்கே குளிர் தொடங்கும் நேரத்தில் வருகிறது. புனேயைச் சேர்ந்த செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழக மாணவர்களும் 2016-ல் பட்டாசுப் புகையை அளந்தார்கள். ஆயிரம் வாலாதான் முதலிடம் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதலிடம் வந்தது பாம்பு மாத்திரை! வெடிக்காது, சத்தம் கிடையாது, "சின்னப் பிள்ளைங்க கொளுத்தட்டும்" என்று வாங்கிக் கொடுப்பது. அதன் அருகே நுண்துகள் அளவு உச்சத்தில் ஒரு கனமீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம் வரை போனது. கைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் வேண்டாத பொருள் ஒன்று சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

பீடி, சிகரெட் பிடிக்கும் அப்பா "நான் வெளியிலதானே பிடிக்கிறேன்" என்பார். நல்லது. வந்ததும் சட்டையை மாற்றி, கை கழுவிவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்கட்டும்.

விறகடுப்பு பற்றியும் ஒரு சேதி. நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் சேர்த்து நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது. சமையல் புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் கடும் நிமோனியா குறையவில்லை என்று 2024-ல் முடிவு வெளியானது. புகை பரவாயில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிமோனியாவுக்குப் பல வாசல் இருக்கிறது, ஒன்றை மட்டும் சாத்தினால் போதாது.

எண்ணெய், கழுதைப்பால், இருமல் மருந்து

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமி வெளியேற்ற முடியாது. அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். நெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து ஊற்றுவதும் இதே ஆபத்துதான். சங்கிலும் பாலாடையிலும் தவறில்லை. அழும்போது ஊற்றுவதுதான் தவறு.

கழுதைப்பால் தமிழ்நாட்டுத் தெருவிலும் வரும், மகாராஷ்டிரத் தெருவிலும் வரும். கண் முன்னே கறந்து ஒரு ஸ்பூன் கணக்கில் விற்பார்கள், சளி, இருமல் வராது என்பார்கள். அப்படி ஒரு குணம் இருப்பதாக நிரூபணம் இல்லை. காய்ச்சாத பாலில் கிருமி இருப்பது நிச்சயமான ஆபத்து. தேனையும் ஒரு வயது வரை நாக்கில் தடவக் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி கைக்குழந்தையைத் தளர்த்திப் போட்டுவிடும். பச்சைக் கற்பூரத் தைலம், நெஞ்சில் தடவும் களிம்பு இரண்டு வயதுக்குள் வேண்டாம்.

இருமல் சிரப் விஷயம் சாதாரணமானதல்ல. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு மத்திய அரசு மறுபடி வலியுறுத்தியது: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயது வரையும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. போன முறை வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று எடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

தாய்ப்பாலை மட்டும் கொடுப்பதில் மகாராஷ்டிரா நம்மைவிட முன்னால் இருக்கிறது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் அங்கே பத்தில் ஏழு பேர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றே மேல். நாட்டின் சராசரி 63.7 சதவீதம். எங்கேயும் சறுக்குவது அடுத்த கட்டத்தில். 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவது நாடு முழுக்க 11.3 சதவீதம்தான். நெஞ்சுச் சளிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எடை குறைந்த குழந்தைக்கு வரும் நிமோனியா வேகமாக முற்றும்.

ஆறு மாதம் முடிந்ததும் உணவு ஆரம்பியுங்கள். பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி வயிற்றை நிரப்பும், ஆளை வளர்க்காது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். குழைந்த பருப்பு சாதம் நெய் விட்டு, இட்லி, மசித்த வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ் (இங்கே கடையில் 'நாச்ணி' என்று கேளுங்கள்), சில நாளிலேயே முட்டை, மீன், மசித்த ஈரல். 6–8 மாதத்தில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, 9 மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளை. ஒரு வயது வரை பசும்பாலை முக்கிய உணவாக்காதீர்கள், இரும்புச்சத்து குறையும். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரும்புச்சத்துச் சிரப் ஆறு மாதத்திலிருந்து இலவசம், வாரம் இரண்டு முறை 1 மி.லி.

தாய்ப்பால் அதோடு நிற்பதில்லை. ஒரு வயது வரை தேவையான சக்தியில் பாதி, இரண்டாம் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்தே கிடைக்கும். சளி, காய்ச்சலில் சோற்றைத் தள்ளிவிடும் குழந்தை பாலை மட்டும் தள்ளாது. தேறிய பிறகு இரண்டு வாரம், ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

இங்கே ஒன்றைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும்: வேர்க்கடலை. மகாராஷ்டிர சமையலில் 'ஷேங்தாணே' இல்லாத டப்பா கிடையாது. பொட்டுக்கடலை, மிக்ஸர் நம் பக்கம். கடைவாய்ப்பல் முளைக்காத குழந்தை பாதி மென்ற கடலையோடு சிரித்தாலோ அழுதாலோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சளியே இல்லாத குழந்தை திடீரென்று இருமித் திணறி, பிறகு சும்மா இருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் வீசிங் வந்தாலும், "கடலை கையில் இருந்தது" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வாரக்கணக்கில் நிமோனியா மருந்து கொடுக்கப்படுவதுண்டு. நான்கு வயது வரை முழுக் கடலை வேண்டாம், பொடித்துக் கொடுங்கள். ஒரு வயதுக்குள் அடைத்துக்கொண்டால், தலை கீழே இருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்து, வெளியே வரும்வரை மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும்.

பால் மறக்க வைப்பது எப்போது?

இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பே நிறுத்த வேண்டிய சூழ்நிலை எல்லா வீட்டிலும் உண்டு, அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். வேப்பிலை அரைத்துப் பூசி ஒரே நாளில் நிறுத்துவதைவிட, முதலில் பகலில் ஒரு வேளைப் பாலுக்குப் பதில் உணவு, சில நாள் கழித்து இன்னொன்று என்று போவது இருவருக்கும் நல்லது. மார்பு கட்டிக்கொள்ளாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் மழைக்காலத்தையும் முதல் குளிரையும் தாண்டிவிடுங்கள்.

வேலை காரணம் என்றால் ஒரு கணக்கு. 2017 திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). அதில் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்தால், குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போதே ஷிஃப்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் முடிந்தவரை பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 15 மாதம் வரை பால் கொடுக்க, நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். சாக்கன் பக்கத்து ஒப்பந்த வேலையில் இதைக் கேட்பது எளிதில்லை என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்க உரிமை இருக்கிறது. பிழிந்த பால் 25 டிகிரி வரை 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். புனேயின் ஏப்ரல், மே வெயிலில் வெளியே வைக்கவே வேண்டாம். பாட்டிலைவிடப் பாலாடையைக் கழுவுவது சுலபம்.

டப்பா பாலை மருத்துவமனையிலேயே இலவசமாகக் கொடுத்தாலோ, போஸ்டர் ஒட்டினாலோ, அது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஊருக்கும் புனேக்கும் நடுவே தவறும் ஊசி

தாய்வீட்டில் ஆறாம் வார ஊசி போட்டிருப்பார்கள். சென்னை–மும்பை ரயிலில் வந்து புனேயில் இறங்கி, லோனாவாலா லோக்கல் பிடித்து தேஹு ரோடு சேரும் அலைச்சலில் அடுத்தது மறந்துபோகும். நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. தடுப்பூசி அரசு மையங்களில் இலவசம்: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14-வது வாரம். நாட்டிலேயே அதை முதலில் தொடங்கியது 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளாவும். தட்டம்மை–ரூபெல்லா ஊசி 9-வது மாதத்தில். தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியா மோசமானது. தமிழ்நாட்டு அட்டையை இங்கே காட்டினாலே அடுத்த ஊசி போடுவார்கள். தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

எப்போது ஓடணும்?

குழந்தை தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பாலே குடிக்க முடியாமல் போனாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோ, உடம்பு சில்லிட்டுப் போவதோ தனியாகவே போதுமான காரணம். 108 மகாராஷ்டிராவிலும் அதே எண்தான். கன்டோன்மென்ட் மருத்துவமனை அருகில். பெரிய அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் பிம்ப்ரியில் ஒய்.சி.எம்., புனே ரயில் நிலையம் பக்கத்தில் சசூன். போகும் வழியிலும் குழந்தை குடித்தால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு அவசரத்தில் மொழி தடையாக இருக்கும். இருமலுக்கு மராட்டியில் 'கோக்லா'. மூச்சு வாங்குகிறது என்பதற்கு 'பாளாலா தாப் லாக்லீய்'. பால் குடிக்கவில்லை என்பதற்கு 'தூத் பீத் நாஹீ'. விலாவில் குழி விழுகிறது என்பதை ஹிந்தியில் 'பஸ்லி சல் ரஹீ ஹை' என்றால் எந்த நர்ஸும் வரிசையிலிருந்து உங்களை முன்னால் கூப்பிடுவார்.